இன்னும் செட்டில் ஆகலையா?

தமிழில் வசவுகளுக்குப் பஞ்சமில்லை. டவுன் பஸ்ஸில், காந்தி மார்க்கெட்டில், கல்யாண மண்டபத்தின் பந்தி வரிசையில் என்று எல்லா இடத்திலும் வாங்கியிருக்கிறேன். எதுவும் பெரிதாகத் தைத்ததில்லை. ஒரே ஓர் ஆங்கிலச் சொல்தான் காதில் விழுந்த மாத்திரத்தில் சுருக்கென்று கோபத்தை வரவழைக்கும். செட்டில். "இன்னும் செட்டில் ஆகலையா?" என்று கேட்பவர்கள் நல்லவர்கள்தான், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அது தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சிரிப்பேன்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். அண்ணா அமெரிக்காவில் செட்டில் ஆனவன். இந்த வாக்கியத்தை அம்மா சொல்லும்போது அவள் முதுகு தானாகவே நிமிரும். "பொண்ணு?" என்று அடுத்த கேள்வி வந்தால், "டீச்சரா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். எத்தனையோ விசேஷங்களில் அந்தத் தலைப்புச் சரிசெய்தலைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருந்தாள். அப்பா இருந்தவரை இருவரும், அப்பா போன பிறகு அவள் மட்டும். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருச்சியில், வாடகை வீடுகளில். வீடுகள் என்று பன்மையில்தான் சொல்ல வேண்டும். உறையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் தொடங்கினேன். அங்கிருந்து எடமலைப்பட்டி புதூர். அதன் பிறகு கே.கே. நகரில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள், இரண்டும் ஒரே தெருவில். "எதிர்த்தாப்ல இருக்கற ஆத்துக்கு மாற எதுக்குடி குட்டியானை?" என்று அம்மா கேட்டாள். அந்தச் சின்ன லோடு வண்டிக்காரருக்கே சிரிப்பு. வண்டியைத் திருப்பி நிறுத்துவதுதான் அன்றைக்கு அவருக்கு வேலை.

ஏன் மாறுகிறேன் என்று கேட்டால் எனக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. புது வீட்டில் முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருக்கும். காலை வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, எந்தக் குழாயைத் திறந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் குறைகிறது என்றெல்லாம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு நாள் பல் தேய்க்கும்போது, வாஷ்பேசினுக்கு மேலே இருக்கும் அந்தக் கறை நேற்றும் அங்கேயேதான் இருந்தது என்று தோன்றும். அவ்வளவுதான். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளாது. பஸ்ஸில் போகும்போது கண் தானாக 'டுலெட்' பலகைகளைத் தேடும். ஓனர் வாடகையை ஏற்றவில்லை, தண்ணீர்க் கஷ்டம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். ஆனாலும் கிளம்பிவிடுவேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். நான் ஆடியதுமில்லை பாடியதுமில்லை, ஆனால் கால் மட்டும் நிற்பதில்லை.

"குட்டி போட்ட பூனை மாதிரி அலையறயே" என்பாள் அம்மா. பிறகு, சொன்னதில் ஒரு பிழை இருப்பது நினைவுக்கு வந்தவள்போல, "குட்டியும் போடலை" என்று சேர்த்துக்கொள்வாள்.

எந்த வீட்டுக்காரரும் முதலில் சொல்லும் நிபந்தனை ஒன்றுதான்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." எல்லாக் குடித்தனக்காரர்களும் தலையாட்டிவிட்டு, சாமான் இறக்கிய மறுநாளே அடித்துவிடுவார்கள். நான் அடித்ததில்லை. கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல் படுத்திருக்கும். கண்ணாடி அலமாரியில் சாய்ந்திருக்கும். தினக்காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்பேன். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது நான் இருந்ததற்கான அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. அதில் எனக்கு ஒரு வீம்பே உண்டு.

ஒவ்வொரு வீட்டுக்கும் பால் காய்ச்ச அம்மா வருவாள். வாடகை வீடுதானே என்று அவள் ஒரு முறைகூட விட்டதில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரிப் பாலத்தைத் தாண்டி, துணிப்பையில் சின்ன வெண்கலப் பானை, பால் பாக்கெட், கல் உப்பு, மஞ்சள், பெருமாள் படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்குவாள். சாமான் மூட்டைகளுக்கு நடுவில் அடுப்பை மட்டும் துடைத்துக் கோலம் போடுவாள். பால் கிழக்குப் பார்த்துப் பொங்கி வழிய வேண்டும். பானையை இம்மி இம்மியாகச் சாய்த்து வைத்து, அது கிழக்கே வழியும்படி பார்த்துக்கொள்வதும் அவள்தான். "இந்தத் தடவையாவது நிலைச்சு இரு" என்று சொல்லிச் சர்க்கரை போட்ட பாலைத் தருவாள்.

அன்று மாலையே கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. அவள் சொல்லும் காரணம் மடி. முதல் நாள் நனைத்து, யார் கையும் படாமல் உயரமான கொடியில் உலர்த்திய புடவையைத்தான் மறுநாள் காலை குளித்துவிட்டு உடுத்திக்கொள்வாள். அதன் பிறகுதான் பெருமாள் விளக்கு ஏற்றுவது, தளிகை சமைப்பது எல்லாம். கொடியிலிருந்து எடுப்பதற்குக்கூட ஒரு கழி வைத்திருக்கிறாள். "உன் ஆத்துல மடி உலர்த்த ஒரு கொடி உண்டா சொல்லு. ஒரு ஆணிகூடக் கிடையாது. நான் எப்படித் தங்கறது?" என்பாள். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துபோய் ஏற்றிவிட்டு வருவேன்.

போகிறபோது ஒரு போதனையும் இருக்கும். "பெரிய பெருமாளைப் பாரு. எத்தனை யுகமா அப்படியே பள்ளிகொண்டிருக்கார். ஒரு தடவை புரண்டு படுத்திருப்பாரா?"

"அவர் இருக்கறது வாடகை வீடு இல்லையேம்மா" என்பேன்.

"அபசாரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரிப்பாள். பஸ் வந்துவிடும்.

இப்படியே போயிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா போன் செய்தான். அம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருப்பது அவனுக்கு உறுத்துகிறதாம். "முதல்ல விசிட்டர் விசால வரட்டும். அப்புறம் பேப்பரெல்லாம் போட்டு இங்கேயே செட்டில் பண்ணிடறேன். நீயும் எத்தனை நாள்தான் ஓடிண்டே இருப்பே? உனக்கும் கவலை விட்டுது."

எனக்குக் கவலை விடவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரங்களில் மூன்று முறை, வகுப்பு முடிந்து பஸ் ஏறி அம்மாவைப் பார்க்கப் போவேன். அவள் சாத்தமுது என்று சொல்லித் தட்டில் போடும் ரசம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவேன். அவள் போய்விட்டால் ஆற்றைத் தாண்ட எனக்கு ஒரு காரணமும் இருக்காது. போகாதே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சொன்னால், "சரி, போகலை. உன்னோட வந்து இருக்கட்டுமா?" என்று அவள் கேட்டுவிட்டால் எந்த வீட்டைக் காட்டுவேன்? கே.கே. நகர் வீட்டின் வாஷ்பேசின் கறை ஏற்கெனவே என் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது.

அம்மாவோ எதையும் வெளியே சொல்லவில்லை. "அவன் ஆசைப்படறான்" என்றாள். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பாஸ்போர்ட் வந்தது. சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். தமிழிலேயே பதில் சொல்லலாமாம், ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் நல்ல அபிப்பிராயம் வரும் என்று அண்ணாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீ டீச்சர்தானே, அம்மாவைத் தயார் பண்ணு" என்றான்.

ஆக, என் அம்மாவை என்னிடமிருந்து அனுப்பிவைக்கும் வேலை எனக்கே வந்து சேர்ந்தது. அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் அவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது. ஆனால் வகுப்பில் முன்பின் தெரியாதவர்களுக்கே ஒரு வாக்கியத்தைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வராது. அம்மாவுக்கு மட்டும் எப்படித் தப்பாகச் சொல்லித் தருவேன்? கோபத்தோடு, மிகச் சரியாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்குவாள். நான் கையை ஆட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்து அதிகாரியாக மாறுவேன்.

"பர்பஸ் ஆஃப் விசிட்?"

"டு ஸீ மை சன்."

"ஹவ் லாங் வில் யூ ஸ்டே?"

"அவன் எப்போ அனுப்பறானோ அப்போ."

"அம்மா!"

"சரி, சரி. த்ரீ மந்த்ஸ்."

"டூ யூ ப்ளான் டு செட்டில் தேர்?"

இந்த இடத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அவன் அங்கேயே வச்சுக்கறேன்னுதானேடி சொல்றான்? பெருமாளைச் சேவிச்சுட்டுப் போய் பொய் சொல்லச் சொல்றயா?"

"பொய் இல்லேம்மா. இப்போதைக்குப் பார்த்துட்டு வரத்தானே போறே? நோ, ஐ வில் கம் பேக். அவ்வளவுதான் பதில். நீ எதை வேணா மறந்துக்கோ, செட்டில்ங்கற வார்த்தையை மட்டும் வாயிலேர்ந்து விடாதே. அதைச் சொன்னா கதை முடிஞ்சுது. விசா தரமாட்டா."

"அதைத்தானே ஊர்ல எல்லாரும் சொல்றா?"

"ஊர்ல சொல்லலாம். அங்க சொல்லப்படாது."

"சொன்னா தரவே மாட்டாளா?"

"தரவே மாட்டா."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரத்தில் வகுப்பிலும் எனக்கு வேறு சொல் ஓடவில்லை. என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் ஒரு சொல்லைப் பலகையில் எழுதுவேன். அகராதியைத் திறக்கக் கூடாது. அவரவர் வீட்டில், வேலையில் அந்தச் சொல்லை யாராவது சொல்லிக் கேட்ட வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குச் செட்டில் என்று எழுதியதும் வகுப்பே கலகலத்துவிட்டது. அவ்வளவு கைவசம் வைத்திருந்தார்கள்.

உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயி, உரக்கடை திறக்கும் யோசனையில் ஆங்கிலம் படிப்பவர், "பூச்சி மருந்த டேங்க்ல ஊத்திட்டு சும்மா இருக்கக்கூடாதுங்க, அடியில செட்டில் ஆயிரும். கலக்கிக்கிட்டே அடிக்கணும்" என்றார். கட்டட வேலை மேற்பார்வை பார்க்கும் இன்னொருவர், அஸ்திவாரத்தில் நிரப்பிய மண் தண்ணீர் விட்டுச் செட்டில் ஆன பிறகுதான் தளம் போட வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும் என்றார். நிலத்தகராறு செட்டில் ஆனது, வயிற்றுக் கோளாறு செட்டில் ஆனது, மாப்பிள்ளை பெங்களூரில் செட்டில் ஆனது என்று வந்துகொண்டே இருந்தது. நான் தமிழ்ச் சொற்களைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். படிவது. இறுகுவது. தீர்வது. அடங்குவது. அமர்வது. குடியேறுவது. எழுத எழுத எனக்கு எரிச்சலாக வந்தது. மருந்து படிந்தால் பயிருக்கு ஆகாது, மண் படியாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. மனுஷி படிய வேண்டுமா கூடாதா என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் பாலக்கரையிலிருந்து வரும் பெண் கையைத் தூக்கினார். என் வயதுதான் இருக்கும். கணவர் சவுதியில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேச வேண்டியிருப்பதால் ஆங்கிலம் படிக்க வந்தவர்.

"மேடம், எங்க மச்சான் அங்க போயி ரொம்ப வருஷம் ஆச்சு. வீடு கட்டியாச்சு, நாத்தனாருங்களுக்கு நிக்காஹ் முடிச்சாச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வொரு தடவ லீவுல வரும்போதும், இந்த ஒரு தடவ போயிட்டு வந்து இங்கயே செட்டில் ஆயிடுறேன்னு சொல்லுவாங்க. ஊர்ல செட்டில் ஆகுறதுக்காகத்தான் அங்கயே இருக்காங்க."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"போகாதீங்கன்னு நீங்க அவங்ககிட்டச் சொன்னதில்லையா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாததுதான். வாய் முந்திவிட்டது.

"இல்லைங்க மேடம். சொல்லி, அவங்க கேக்காம போயிட்டா? அந்தப் பயத்துல சொல்றதே இல்ல. சிரிச்ச முகமா பெட்டிய அடுக்கிக் குடுத்துடுறேன்."

அன்று மாலை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை. பாலம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காவிரியில் புதுத்தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், போகாதே என்று ஒரு வார்த்தை, என்று நினைத்துக்கொண்டே போனேன். அம்மா கதவைத் திறந்ததும், "பெட்டியில என்னென்ன வைக்கணும்னு பார்த்தயா?" என்றுதான் கேட்டேன்.

அதே வாரம் நான் இன்னொரு காரியமும் செய்தேன். கே.கே. நகர் வீட்டைக் காலி செய்வதாக ஓனரிடம் சொல்லிவிட்டுத் திருவானைக்கோவிலில் ஒரு மாடி வீட்டைப் பேசி முடித்தேன். முதல் முறையாக ஆற்றைத் தாண்டி, அம்மாவின் கரைக்கே வருகிறேன், அதுவும் அவள் கிளம்பப்போகிற நேரத்தில். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா மட்டும், "சிவன் கோவில் வாசல்லயா வாடகைக்கு ஆம் பார்த்திருக்கே?" என்றாள். பக்கத்துச் சிவன் ஊரைச் சீண்டும், ஸ்ரீரங்கத்துப் பெருமாள் பக்தர்களுக்கே உரிய பழைய குறும்பு அது.

நேர்காணலுக்குச் சென்னைக்குக் காலை ரயிலில் போனோம். அம்மா மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் பளிச்சென்று தெரிய, வரிசையில் நின்று உள்ளே போனாள். எனக்கு அனுமதி இல்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன், நடந்தேன், டீக்கடையில் டீ வாங்கிப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி நடந்தேன். அங்கே காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. பாஸ்போர்ட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு. கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. வெளியே வருகிறவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

அம்மா வந்தாள். கையில் பாஸ்போர்ட் இருந்தது.

எனக்குள் குப்பென்று எழுந்தது சந்தோஷம்தான். அதை உடனே அமுக்கிக்கொண்டேன். "என்னம்மா ஆச்சு?"

"தீர்த்தம் குடு முதல்ல" என்று பாட்டிலை வாங்கிக் குடித்தாள். "நல்ல பொண்ணு அவ. சிரிச்சுண்டே கேட்டா."

"என்ன கேட்டா? நீ என்ன சொன்னே?"

"பர்பஸ் ஆஃப் விசிட்னா. டு செட்டில் வித் மை சன்னு சொன்னேன்."

தெருவென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். எத்தனை தடவை சொன்னேன், அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே என்று! "வாயில வந்துடுத்துடி" என்றாள் அம்மா, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே. அண்ணா போனில் என்னைத்தான் பிடித்துக்கொண்டான். "நீ ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறே. அம்மாவுக்கு ஒரு வரி சொல்லிக் குடுக்க முடியலையா?" சந்தோஷப்பட்டுவிட்ட குற்றத்துக்கு அந்தத் திட்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா மேல் வந்த கோபம் மட்டும் தணியவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒரு மாணவி நேர் எதிராகச் சொல்லிவிட்டு வந்தால் எந்த டீச்சருக்கும் அப்படித்தான் இருக்கும். திரும்பி வரும் ரயிலில் விழுப்புரம் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

சில நாட்களில் திருவானைக்கோவில் வீட்டுக்குச் சாமான்கள் வந்து இறங்கின. அதே குட்டியானைக்காரர். "இந்த வாட்டி கொஞ்சம் தூரம் பரவால்லீங்க" என்றார். கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் சாவியைக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணுங்க, சுவத்துல ஆணி மட்டும்..." என்று ஆரம்பித்தார். "அடிக்க மாட்டேங்க" என்று முடித்து வைத்தேன்.

அம்மா வழக்கம்போல வந்தாள். வழக்கத்தைவிடப் பை கொஞ்சம் பெரியது. அடுப்பைத் துடைத்துக் கோலம் போட்டாள். பெருமாள் படத்தை ஷெல்ஃபில் எழுந்தருளப் பண்ணினாள். வெண்கலப் பானையில் பால் கிழக்குப் பார்த்து வழிந்தது. சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். "நிலைச்சு இரு" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையோடு கொண்டுவந்த தயிர்சாதத்தை இருவரும் சாப்பிட்டோம். நான் மூட்டைகளைப் பிரித்தேன், அவள் டப்பாக்களை அடுக்கினாள். வெயில் தாழ்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, பஸ் ஏத்தி விடறேன்" என்றேன்.

அம்மா பையிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை எடுத்தாள். ஸ்ரீரங்கம் வீட்டின் மடிக்கொடி. ஈரமும் சோப்பும் பட்டு வெளுத்துப்போன அதே கயிறு. கூடவே தண்ணீரில் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிய புடவை.

"ரெண்டு ஆணி அடி. கார்த்தால மடிக்கு வேணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "இங்கயா?"

"பின்னே? ஃப்ளாட்டைப் பூட்டிண்டு வந்துட்டேன். பெருமாள் கோவில் பக்கத்துலதானே இருக்கு, தினம் போய்ச் சேவிச்சுண்டு ஃப்ளாட்டுலயும் ஒரு விளக்கை ஏத்திட்டு வந்துடறேன்."

"ஏம்மா, அன்னிக்குச் சென்னையில..." என்று இழுத்தேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. "வேண்டாம்னு நான் சொன்னா அவன் மனசு ஒடிஞ்சு போயிடும். நீயும் போகாதேன்னு சொல்லுவே சொல்லுவேன்னு பார்த்தேன், வாயே திறக்கலை. எந்த வார்த்தையைச் சொன்னா விசா கெடைக்காதுன்னு நீதான் அழுத்தி அழுத்திச் சொல்லிக் குடுத்தயே. அவன் என்னை அங்க கொண்டுபோய்ச் செட்டில் பண்ணணும்ங்கறான். நான் என்னடி மூலவரா, ஒரே எடத்துல பள்ளிகொண்டு கெடக்கறதுக்கு? உற்சவர் பல்லக்குல ஏறி வீதி வீதியாப் போய்ண்டுதானே இருக்கார்."

எனக்குக் கண் கரித்தது. அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல், "நான் அடுத்த வருஷமே இதையும் காலி பண்ணுவேன். அப்போ?" என்றேன்.

"கொடியை அவுத்துண்டு கூடவே வரேன். அடுத்த தடவை மட்டும் மாடி வேண்டாம், முழங்கால் வலிக்கறது."

என்னிடம் சுத்தியலே இல்லை. எந்த வீட்டிலும் இருந்ததில்லை. தெருமுனைக் கடையில் ஆணி வாங்கிக்கொண்டு வந்து, இஞ்சி தட்டும் கல்லை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன். அம்மா கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதை அடித்தபோது சுண்ணாம்புக் காரை பெயர்ந்து அவள் தலையில் விழுந்தது. கீழேயிருந்து ஓனரின் குரல் வந்தது. "மேல என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லே, ஆணி அடிக்கறோம்!" என்று அம்மா உரக்கச் சொன்னாள்.

எதிர்ச்சுவரிலும் ஓர் ஆணி இறங்கியது. கயிற்றை இழுத்துக் கட்டினேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அம்மா ஈரப் புடவையை உதறி, கழி இல்லாததால் மூலையில் சாய்ந்திருந்த துடைப்பக் கட்டையைப் பார்த்து முகம் சுளித்து, எம்பி எம்பித் தானே கொடியில் போட்டாள். புடவை முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நாளைக்கு ஒரு கழி வாங்கிண்டு வா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் நாற்காலியிலிருந்து இறங்கத் தோன்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.